தூங்கும் ஓணானும் எமது அறியாமையும்

2025ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு மறுநாள் காலை, கனடாவின் ஸ்காபுறோவில் வசிக்கும் எனது தம்பியின் மகன் தொலைபேசியில் அழைத்தான். பதினான்கு வயதுப் பையன். பொங்கல் வாழ்த்துச் சொல்லத்தான் அழைக்கிறான் என்று நினைத்தேன். ஆனால் குரல் அப்படி இருக்கவில்லை.

"பெரியப்பா, ராஜா எழும்பேல்லை. நித்திரையோ, செத்துப்போச்சுதோ தெரியேல்லை. அப்பா உங்களிட்டைக் கேக்கச் சொன்னவர்."

ராஜா என்பது அவன் இரண்டு ஆண்டுகளாகக் கண்ணாடிப் பெட்டியில் வளர்த்து வந்த ஓணான். ‘பியேர்டட் டிராகன்’ என்று அங்கே கடைகளில் விற்கிறார்கள். தமிழில் தாடி ஓணான் எனலாம். வன்னியில் இருப்பவனுக்கு ஓணான், உடும்பு, ஆமை எல்லாம் தெரிந்திருக்கும் என்பது புலம்பெயர்ந்த எம்மவர்களின் நம்பிக்கை. கலைப்பட்டதாரியான நான் விலங்கியல் படித்தவன் அல்லன். கைத்தொலைபேசித் திரையில் அவன் காட்டிய உருவத்தைப் பார்த்தேன். கண்கள் உள்ளே போயிருந்தன. தாடி கறுத்திருந்தது. நவம்பர் இறுதியில் உறங்கத் தொடங்கியதாம்; ஏறக்குறைய ஏழு வாரங்கள்.

"தட்டி எழுப்பாதையுங்கோ மகன், கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லிவிட்டேன்.

அது பிழையான பதில். மறுநாள் மிருக வைத்தியரிடம் கொண்டு போனபோது, அந்த ஓணான் இறந்து இரண்டு, மூன்று நாட்களாகியிருக்கலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். நான் பொறுக்கச் சொன்னதால் அது சாகவில்லை என்பது உண்மைதான். ஆயினும், ஒரு பிள்ளை செத்துப்போன விலங்குக்கு முன்னால் இன்னுமோர் இரவு நம்பிக்கையோடு விழித்திருக்கும்படி செய்தவன் நான். அந்தக் கடனைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

அவ்வாறு நான் பதில் சொன்னதற்குக் காரணமும் உண்டு. 1979ஆம் ஆண்டு, எனக்கு ஒன்பது வயது. கிளிநொச்சியில் எமது காணிக்கு அருகே பற்றைக்காடு வெட்டும்போது அகப்பட்ட நட்சத்திர ஆமை ஒன்றை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாரி முழுவதும் அது முற்றத்தில் புல் மேய்ந்து திரிந்தது. ஆடி மாதத்து வெயிலில் ஒரு நாள் வைக்கோற் குவியலின் கீழே தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. நாலைந்து நாட்கள் அசையவில்லை. செத்துப்போய்விட்டது என்று அப்பாச்சி சொன்னார். நானும் தம்பியும் வேலிக்கரையில் ஆழமாகக் குழி தோண்டி, பூவும் வைத்துப் புதைத்தோம். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு, வயல் வேலைக்கு வரும் முதியவர் ஒருவர் கதையோடு கதையாகச் சொன்னார்: "உந்த ஆமையள் கோடைக்கு உப்பிடித்தான் ஒடுங்கிக் கிடக்கும், மழை விழ எழும்பும்." அந்தக் குழியைத் தோண்டிப் பார்க்கும் துணிவு எனக்கு வரவில்லை. இன்றுவரை அந்த ஆமை புதைக்கப்படும்போது உயிரோடு இருந்ததா, இல்லையா என்பது எனக்குத் தெரியாது.

அன்று உறக்கத்தைச் சாவு என்று எண்ணினோம். இன்று சாவை உறக்கம் என்று எண்ணினோம். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. ஒரு விலங்கை அடைத்து வைக்கிறோம். அது எந்தப் பருவத்தில், எதற்காக, எப்படி ஒடுங்குகிறது என்பதை அறிய முற்படுவதில்லை.

ஊர்வன குளிரில் ஒடுங்குவது கரடியின் உறக்கத்தைப் போன்றதன்று. கரடி தன் உடலுக்குள்ளேயே வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளும். ஓணானுக்கும் பல்லிக்கும் பாம்புக்கும் வெப்பம் வெளியிலிருந்து வர வேண்டும். வெளி வெப்பம் குறையும்போது அவற்றின் இதயத் துடிப்பும் மூச்சும் சமிபாடும் நோய் எதிர்ப்பும் ஒருங்கே குறைகின்றன. இடையிடையே விழிக்கும், சற்று நகரும், நீர் அருந்தும், மீண்டும் ஒடுங்கும். இந்த வேறுபாட்டைக் காட்டுவதற்காகவே வில்பர் மேஹ்யூ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1965இல், கொம்புப் பல்லி ஒன்றைப் பற்றிய தமது கட்டுரையில் ‘புரூமேஷன்’ என்ற தனிச்சொல்லைப் பயன்படுத்தினார். நாம் குளிர்கால ஒடுக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

இயற்கையில் இந்த ஒடுக்கம் திடீரென்று நிகழ்வதில்லை. தார்ப் பாலைவனத்தில் வாழும் முள்வால் ஓணான், குளிர்காலத்துக்கு முன்னர் வாலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, வளைக்குள் இறங்கி, வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொள்கிறது. நிலத்தின் ஆழத்தில் குளிர் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருக்கும். ஆக, சேமிப்பு வேண்டும். வயிறு காலியாக வேண்டும். சீரான குளிர் வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஒடுக்கம் ஆபத்தாகிவிடும். கண்ணாடிப் பெட்டியில் இந்த மூன்றையும் வளர்ப்பவரே ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டும்.

எமது பையன் என்ன செய்தான்? குளிர்காலத்தில் அது உறங்கும் என்பதை அறிந்திருந்தான். உறங்குமுன் நன்றாக உண்ண வேண்டும் என்று தானாகவே முடிவு செய்து, விளக்கை அணைத்த நாள் வரைக்கும் கொழுத்த புழுக்களை ஊட்டியிருக்கிறான். அன்பினால் செய்ததுதான். ஆனால் வெப்பம் இல்லாவிட்டால் ஓணானுக்குச் சமிபாடு இல்லை. வயிற்றில் தங்கிய இரை அங்கேயே அழுகத் தொடங்கும். வைத்தியர் பார்த்தபோது குடலில் செரிக்காத இரையும், அதனோடு குடற்புழுத் தொற்றும் இருந்தனவாம். விழித்திருக்கும் ஓணான் தாங்கிக்கொள்ளும் புழுத் தொற்றை, எதிர்ப்புச் சக்தி தாழ்ந்து கிடக்கும் ஓணானால் தாங்க இயலாது.

அந்த ஓணானை உறக்கம் கொல்லவில்லை என்பதை இதிலிருந்து அறியலாம். உறங்குவதற்கு முந்திய வாரங்களில் நேர்ந்த தவறே அதைக் கொன்றது. அடைத்து வளர்க்கப்படும் பல்லி, ஓணான் வகைகள் குளிர்கால ஒடுக்கத்தில் இறக்கும்போது ‘தூக்கத்திலேயே போய்விட்டது’ என்று பலர் ஆறுதல் கொள்கிறார்கள். அந்த ஆறுதல் உண்மையை மறைக்கிறது.

செய்ய வேண்டியது என்ன என்பதை, அந்த வைத்தியர் தம்பிக்குச் சொன்னதையும் பின்னர் நான் படித்தறிந்ததையும் கொண்டு இங்கே தருகிறேன்.

ஒரு வயது நிறையாத குட்டியையும், மெலிந்ததையும், நோயுற்றதையும் ஒடுங்க விடவே கூடாது. ஒளியும் வெப்பமும் குறையாமல் கொடுத்து விழித்திருக்கச் செய்ய வேண்டும். வளர்ந்த தாடி ஓணான் ஒடுங்கும் அறிகுறி காட்டினால், முதலில் அதன் மலத்தை மிருக வைத்தியரிடம் கொடுத்துப் புழு, ஒட்டுண்ணி உண்டா என்று பரிசோதிக்க வேண்டும். அடுத்து, இரையை நிறுத்த வேண்டும். ஆனால் வெப்ப விளக்கை நிறுத்தக் கூடாது. குறைந்தது இரண்டு வாரங்கள் விளக்கு எரியட்டும். அந்த வெப்பத்தில் உள்ளே இருப்பது செரித்துக் கழிவாக வெளியேறிவிடும். அதன் பிறகே ஒளியையும் வெப்பத்தையும் படிப்படியாகக் குறைக்கலாம்.

ஒடுங்குமுன் நிறுத்து எடையை எழுதி வைக்க வேண்டும். ஒடுங்கிய பின்னும் வாரம் ஒருமுறையோ இரு வாரங்களுக்கு ஒருமுறையோ நிறுக்க வேண்டும். உண்மையாக ஒடுங்கிய உடல் மிகச் சிறிதளவே எடை குறையும். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் ஏதோ பிழை நடக்கிறது. எழுப்பி வைத்தியரிடம் காட்ட வேண்டும். குடிக்க நீர் எப்போதும் அருகே இருக்க வேண்டும். இரை மட்டும் கூடாது. மூக்கில் நுரை, வாய் திறந்த மூச்சு, வயிற்றோட்டம், குழி விழுந்த கண்கள் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. ஒடுக்கம் கலைந்ததும் முதலில் வெப்பமும் ஒளியும், அடுத்து நீர், அதற்குப் பின்னரே இரை.

நித்திரையா, சாவா என்று ஐயம் வந்தால்? ஒடுங்கிய ஓணானின் காலைத் தொட்டு மெல்ல இழுத்தால், மிக மெதுவாகவேனும் அது திரும்ப இழுத்துக்கொள்ளும். உடலில் ஒரு பிடிப்பு இருக்கும். இறந்ததன் கால் தொய்ந்து தொங்கும். நாளாக நாற்றமும் வரும். அப்படியும் துணிய முடியாவிட்டால், சில மணி நேரத்தில் வழமையான வெப்பநிலைக்கு மெதுவாகக் கொண்டுவந்து வைத்தியரிடம் செல்ல வேண்டும். ஒலி அலைகளைக் கொண்டு இதய ஓட்டத்தைக் கேட்கும் டொப்ளர் கருவி அவர்களிடம் உண்டு. குளிர்ந்து கிடக்கும் ஊர்வன ஒன்றை வெப்பமூட்டிப் பார்க்காமல் செத்தது என்று கூறக் கூடாது. 2020 ஜனவரியில் மியாமியிலுள்ள வானிலை நிலையம், மரங்களிலிருந்து இக்குவானாக்கள் விழக்கூடும் என்றும் அவை இறந்தவை அல்ல என்றும் புளோரிடா மக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. குளிரில் விறைத்து விழுந்தவை பல, வெயில் ஏறியதும் எழுந்து சென்றன. ‘கொஞ்சம் பொறு’ என்று நான் கூறிய இடத்தில் ‘மெல்லச் சூடாக்கி உடனே வைத்தியரிடம் கொண்டு போ’ என்று கூறியிருக்க வேண்டும்.

இன்னுமோர் ஆபத்து, அரைகுறைக் குளிர். ரொறன்ரோவில் வெளியே பனி கொட்டினாலும் வீட்டுக்குள் 20, 21 பாகை செல்சியஸ் வெப்பம் இருக்கும். வெப்ப விளக்கை மட்டும் அணைத்துவிட்டால், அந்த அறை ஓணான் ஆழ்ந்து ஒடுங்குவதற்குப் போதிய குளிரும் அன்று. இரையைச் செரிப்பதற்குப் போதிய சூடும் அன்று. உண்ணாமலே உடலின் சேமிப்பு எரிந்துகொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அமைதியான உறக்கம். உள்ளே மெல்ல மெல்லப் பட்டினி. இனப்பெருக்கத்துக்காக வளர்ப்போர் குளிர்விப்பதற்குக் காரணம் சொல்லலாம். வீட்டில் ஒன்றை மட்டும் வளர்ப்பவருக்கு வலிந்து குளிர்விக்க வேண்டிய தேவை எதுவுமே இல்லை. தானாக ஒடுங்கினால் கவனமாகக் காவல் இருக்கலாம். நாமாக ஒடுக்கக் கூடாது என்பதே எனது கருத்து.

இதெல்லாம் குளிர் நாட்டுக் கதை, வன்னிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். 2022 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். மாண்டஸ் சூறாவளி தமிழ்நாட்டுக் கரையை நோக்கி நகர்ந்த நாட்களில், வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் மடிந்தன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வெட்டவெளியில் கால்களை நீட்டிக் கிடந்த மாடுகளைக் கண்டவர்கள் அந்தக் காட்சியை மறக்க மாட்டார்கள். ஏதோ தொற்றுநோய் என்று முதலில் அஞ்சினோம். குளிரின் தாக்கமே காரணம் என்று பின்னர் தெரிவிக்கப்பட்டது. அன்று தண்ணீர் உறையும் குளிர் இருக்கவில்லை. ஆனால் மழையில் நனைந்து, காற்றில் நின்று, ஒதுங்க ஒரு கொட்டில் இல்லாத மாட்டுக்கு அந்தக் குளிரே போதுமாக இருந்தது. பழக்கமில்லாத குளிருக்குள் ஆயத்தமில்லாத உடலைத் தள்ளினால் என்ன நடக்கும் என்பதை எமக்கு எவரும் கனடாவிலிருந்து வந்து சொல்லத் தேவையில்லை.

வன்னியின் ஊர்வனவற்றுக்குக் குளிர்கால ஒடுக்கம் தேவையே இல்லை. வட இந்தியாவில் குளிர்கால மாதங்களில் வளைக்குள் ஒடுங்கிக் கிடக்கும் அதே இன உடும்பு, இங்கே மார்கழியிலும் இரை தேடித் திரிகிறது. நட்சத்திர ஆமையோ மழைக்காலத்தில் சுறுசுறுப்பாகவும் கடும் கோடையில் ஒடுங்கியும் வாழ்கிறது. இந்த ஆமையைக் குளிர் நாட்டுக்குக் கொண்டு சென்று, அந்த நாட்டு ஆமைகளைப் போல் குளிரில் உறங்க விட்டால் சளி பிடித்துச் சாகும். ஒரே பராமரிப்பு முறை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஒவ்வோர் உயிரும் தான் பிறந்த மண்ணின் பருவங்களை உடலுக்குள் வைத்திருக்கிறது. தாடி ஓணானின் தாயகம் அவுஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலம். அங்கே குளிர்காலம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை. கனடாவில் பிறந்து வளர்ந்த தாடி ஓணான், அங்கே பகல் சுருங்கும் மாதங்களில் ஒடுங்குகிறது.

இப்போது எமது இளைஞர்களும் காணொளிகளைப் பார்த்து ஊர்வனவற்றை வளர்க்க ஆசைப்படுகிறார்கள். 2024இல் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு வீட்டில், மீன்தொட்டிக்குள் உடும்புக் குட்டி ஒன்றைக் கண்டேன். தண்ணீர்ச் சிரட்டை காய்ந்து கிடந்தது. வெயில் படாத மூலை. குட்டி அசையாமல் படுத்திருந்தது. "நல்ல அமைதியான சாமான் அண்ணை" என்று வீட்டுக்காரத் தம்பி பெருமையோடு கூறினார். அது அமைதி அன்று. வெப்பமில்லாமல் உடல் இயங்க முடியாத நிலை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் இல்லாவிட்டால் உடல் கல்சியத்தைப் பயன்படுத்த முடியாது. எலும்பு மெலிந்து வளையும். அன்று மாலையே அதைக் காட்டோரத்தில் விடச் செய்தேன்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், உடும்பையோ நட்சத்திர ஆமையையோ பிடித்து வீட்டில் வைத்திருப்பது குற்றமாகும். 2019 ஓகஸ்டில் ஜெனீவாவில் நடைபெற்ற சைற்றிஸ் உடன்படிக்கை நாடுகளின் 18ஆவது மாநாட்டில், நட்சத்திர ஆமை சர்வதேச வணிகம் தடைசெய்யப்பட்ட முதலாம் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது. இலங்கைக்கே உரிய கொம்பு ஓணான்களும் அதே மாநாட்டில் பட்டியல்களில் சேர்க்கப்பட்டன. வெளிநாட்டுச் செல்லப்பிராணி வணிகத்துக்காக எமது காடுகளிலிருந்து அவை கடத்தப்பட்டமையே காரணம். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டியில் இறக்கும் ஒவ்வொன்றுக்கும் பதிலாக இங்கிருந்து இன்னொன்று பிடிக்கப்படலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் எதையும் வளர்க்கவே கூடாதா? நான் அவ்வளவு தூரம் போகவில்லை. கூட்டில் பிறந்து, காட்டையே காணாத தாடி ஓணானைத் திரும்ப விடுவதற்குக் காடு இல்லை. அதற்கு மனிதர் வேண்டும். ஆனால் அடைத்து வைப்பவரின் பொறுப்பு என்ன என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 2009இல் வவுனியாவில் முட்கம்பி வேலிக்குள் இருந்த முகாம் ஒன்றில் மாதக்கணக்கில் இருந்தவர்களில் நானும் ஒருவன். குடிக்கும் நீரும் உண்ணும் சோறும் ஒதுங்கும் நிழலும் இன்னொருவர் கையில் இருப்பது என்றால் என்ன என்று எம்மில் பலருக்குத் தெரியும். எமக்கு வாய் இருந்தது, குறையைச் சொன்னோம். ஓணானுக்கு அதுவும் இல்லை. அதன் குறையை எடையும் கண்ணும் மலமும்தான் சொல்லும். அவற்றைப் பார்க்க நேரமில்லாதவர் வளர்க்காதிருப்பதே நல்லது.

எனவே, குளிர் நாடுகளில் வாழும் எமது உறவுகளுக்குச் சொல்கிறேன்: பிள்ளை ஓணான் கேட்டால், ஓணானுக்கு முன்னர் ஒரு தராசு வாங்குங்கள். ஊர்வனவற்றைப் பார்க்கும் மிருக வைத்தியர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இல்லையெனில் வாங்காதீர்கள். வன்னியில் இருப்பவர்களுக்குச் சொல்வது அதைவிடச் சுருக்கமானது: காட்டில் உள்ளதைக் காட்டிலேயே விடுங்கள். கோடையில் அசையாமல் கிடக்கும் ஆமையைக் கண்டால் எடுக்காதீர்கள், புதைக்காதீர்கள். மழை வரும்வரை அது அங்கேயே கிடக்கட்டும்.

தம்பியின் மகனுக்கு இந்த விடயங்களை எல்லாம் தொலைபேசியில் ஒருநாள் விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப நான்தானே பெரியப்பா கொன்றது?" என்றான். இல்லை என்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆமையைப் பற்றி முதன்முறையாக அவனுக்குச் சொன்னேன்.